ரசமட்டத்தின் பின்னறை

என் அக்காவின் கணவரை அவர் வேலை பார்த்த கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரசமட்டம் என்பார்கள். லிஃப்ட் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். பெட்டி ஏறி இறங்கும் தண்டவாளம் அடியிலிருந்து உச்சி வரை நூல் பிடித்தது போல நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் பெட்டி உதறும். அதனால் சுண்டுவிரல் நீளத்தில், குமிழி நின்று மட்டம் காட்டும் ரசமட்டம் ஒன்று எந்நேரமும் அவர் சட்டைப்பையில் இருக்கும். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் முதலில் மேசை மேல் அதை வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவுக்கு வரும் வரை மேசைக்காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து மடித்துச் செருகுவார். அதுவரை எங்கள் தட்டில் எல்லாம் ஆறிக்கொண்டிருக்கும்.

"இவரு என்னைக் கட்டிக்கிட்டதே நான் நேரா நிக்கிறேனான்னு அளந்து பாத்துட்டுத்தான்" என்பாள் அக்கா.

அக்காவுக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடை, எது எத்தனை நிமிடம் தாமதம் என்று நாள் முழுதும் மைக்கில் சொல்லிக்கொண்டிருப்பாள். குரல் கணீரென்று இருக்கும். இரைச்சலுக்கு நடுவிலும் ஒவ்வொரு எழுத்தும் தனியாகக் காதில் விழும். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். ஒருமுறை காய்கறிக் கடையில் விலை கேட்டபோது பக்கத்தில் நின்ற பெரியவர் வண்டி வந்துவிட்டதென்று சட்டெனப் பையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்துவிட்டாராம். இதை அவள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

மாமாவுக்கு ஐம்பத்துநான்கு வயதில் அந்த விபத்து நடந்தது. லிஃப்ட் குழியின் அடியில் நின்று வேலை செய்துவிட்டு ஏணியில் ஏறி வரும்போது ஏணி சறுக்கிவிட்டது. வலது முழங்கால் நொறுங்கிப்போனது. இரண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நடக்க முடிந்ததே தவிர, ஏறவோ குந்தவோ முடியவில்லை. சாமான் அறையில் கொஞ்ச நாள் உட்கார வைத்துப் பார்த்தார்கள். அவருக்கும் பிடிக்கவில்லை, அவர்களுக்கும் சங்கடம். முப்பத்தொரு வருட வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். கோபத்தில் பேசாமல் இருப்பது வேறு. கோபம் ஒருநாள் ஆறிவிடும். இவருக்குப் பேச எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான். காலையில் கட்டில் விளிம்பில் உட்காருவார். அக்கா வேலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அதே விளிம்பில், அதே சுவரைப் பார்த்தபடி இருப்பார். எதிர்ச் சுவரில் படம் கோணலாகத் தொங்கும். அதை நிமிர்த்தக்கூட அவர் எழுந்திருக்கவில்லை. ஒருநாள் அக்கா வந்து பார்த்தபோது பால்கனியில் முக்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார், அந்தக் காலை வைத்துக்கொண்டு. தண்ணீர்க் குழாயைப் பார்த்ததாகச் சொன்னார். அக்கா கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். மறுநாள் அந்த முக்காலியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து போட்டாள். 

"ஞாயித்துக்கிழமை எங்கயாவது கூட்டிட்டுப் போடா" என்றாள். "எங்கயாவது. நாலு பேர் நடமாடுற இடமா பாத்து."

எனக்குக் கண்ணாடிக் கடை. மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்த்து மாட்டித் தருகிறேன். ஞாயிறு விடுமுறை. பூங்கா ஏரிக்கு அழைத்துப் போனேன். அங்கே ஞாயிறு காலையில் ஆறேழு பேர் சின்னப் பாய்மரப் படகுகளை விடுவார்கள். முழ நீளத்தில் ஆரம்பித்து ஆள் இடுப்பளவு வரை பல அளவில் இருக்கும். கரையில் நின்று ரிமோட்டில் பாயை இழுத்தும் தளர்த்தியும் ஓட்டுவார்கள். மோட்டார் கிடையாது, காற்று மட்டும்தான். மாமா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பல் டாக்டரின் நீலப் படகு கரையோரம் வந்து நின்றது.

"அது சாயுது" என்றார் மாமா.

பதினான்கு மாதத்தில் அவராக வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

"காத்துக்கு அப்படித்தாங்க சாயும்" என்றார் பல் டாக்டர்.

"காத்து நின்னப்புறமும் சாயுதே. இடது பக்கம் எடை கூட. உள்ள தண்ணி போயிருக்கு, எடுத்துப் பாருங்க."

எடுத்துக் கவிழ்த்தார்கள். அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. பல் டாக்டர் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு படகை அவர் மடியிலேயே வைத்துவிட்டார். மாமா உள்ளங்கையால் அதன் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து மேல்தளத்தில் வைத்தார். அன்று வீடு திரும்பும் வழி முழுக்க அவர்தான் பேசினார். எனக்கு ஒரு 'ம்' போடக்கூட இடைவெளி கிடைக்கவில்லை.

"நீ அவருக்கு என்னடா குடுத்த?" என்று அக்கா என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

பட்டறைக்குப் பின்னறையைத் தேர்ந்தெடுத்தார்கள். அது அவர்கள் மகளின் அறை. அவள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். போனில் கேட்டதற்கு, "என் பீரோவ மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்கப்பா, மத்தபடி உங்க இஷ்டம்" என்றுவிட்டாள். வேலைமேசைக்கே மூன்று வாரம் ஆனது. பழைய கட்டடம் ஒன்றில் கழற்றிப் போட்ட லிஃப்ட் கதவை அவருடைய பழைய சகாக்கள் இருவர் தூக்கி வந்தார்கள். லிஃப்ட் கதவை லிஃப்டிலேயே ஏற்றி வந்த கதையைச் சொல்லி மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதவுதான் மேசைப் பலகை. முழங்கால் மடங்காது என்பதால் உட்கார்ந்து வேலை செய்யும் உயரத்துக்குக் கால் வைத்தார். மேசையின் நாலு மூலையிலும் நடுவிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்த அன்று, எனக்குப் போன் செய்து, "குமிழி அசையலடா" என்றார்.

ஒவ்வொன்றும் அப்படித்தான். சுவரில் பலகை அடித்து, அதில் உளி, அரம், சின்ன இழைப்புளி, கம்பி ரம்பம் ஒவ்வொன்றின் உருவத்தையும் பென்சிலால் வரைந்தார். எது எடுத்த இடத்தில் இல்லையோ அந்த வெற்றுக்கோடு காட்டிக்கொடுக்கும். நிழல் விழாமல் இருக்க இரண்டு பக்கமும் விளக்கு. இடுக்கிப் பிடிக்கத் தனித்தனிக் கருவி வேண்டாம், துணிக் கிளிப்பே போதும் என்று கண்டுபிடித்தார். அக்காவின் நாற்பது கிளிப்பும் ஒரே நாளில் காணாமல் போயின. கொடியில் போட்ட துணியெல்லாம் பறந்து கீழ்வீட்டுப் பால்கனியில் விழுந்தது. கீழ்வீட்டு அம்மா மாமாவின் பனியனை மடித்துக்கொண்டு வந்து கொடுத்தபோது அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள்.

தூசிக்கும் வழி செய்தார். பின்னறைக்குத் தெருப்பக்கம் ஜன்னல் கிடையாது. அடுக்குமாடிக் கட்டடங்களில் காற்றுக்காக நடுவில் ஒரு சதுரக் குழி விட்டிருப்பார்கள் இல்லையா, டக்ட் என்பார்கள், தரையிலிருந்து மொட்டைமாடி வரை கிணறு போல நிற்கும், அதைப் பார்த்த சின்ன ஜன்னல்தான். அதில் காற்றை வெளியே தள்ளும் காற்றாடி ஒன்றைப் பொருத்தினார். ஒரு நூல் துண்டை எடுத்துக் காற்றாடி முன்னால் பிடித்துக் காட்டினார். நூல் வெளிப்பக்கமாக விறைத்து நின்றது.

"பாத்தியா? உள்ள ஒரு தூசி நிக்காது."

நிற்கவில்லைதான். அந்த அறை மாதிரிச் சுத்தமான அறையை நான் பார்த்ததில்லை.

பல் டாக்டர் சொன்ன மரக்கடையில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு மரம் கிடைத்தது. பஞ்சு போல இலேசு, ஆனால் தண்ணீருக்கு அஞ்சாது. அறுத்தால் வீடெல்லாம் வாசம் வரும். "புதுப் பென்சில சீவின மாதிரி இருக்கு. பள்ளிக்கூடத்துக்குப் போன மாதிரி இருக்கு" என்று அக்கா ஆரம்பத்தில் மூச்சை இழுத்து இழுத்து முகர்ந்து பார்ப்பாள். அதைச் சின்ன விரலகலத்துக்குப் பட்டை பட்டையாகச் சீவி, ப்ளைவுட்டில் வெட்டிய பதினோரு விலாச்சட்டங்கள் மேல் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஒட்டி, கிளிப் போட்டுக் காயவைத்து, கடைசியில் உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்தால் அது படகின் உடல். ஒரு நாளைக்கு நாலு பட்டைக்கு மேல் ஒட்டமாட்டார். ஒட்டிய வரைக்கும் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் அடுத்தது. கையால் தேய்த்து மணிக்கட்டு வீங்கியதும் தேய்க்கிற மெஷின் ஒன்று வாங்கினார்.

பட்டறை ஆரம்பித்த நாலாவது மாதம் அக்காவுக்கு இருமல் வந்தது. வறட்டு இருமல். படுத்தால் கூடும். ரயில் நிலைய அறையின் ஏசிதான் காரணம் என்றாள். கஷாயம், இருமல் மருந்து, கழுத்தில் துண்டு என்று சமாளித்தாள். மாமாவும் தினமும் வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

ஆறாவது மாதம் என் மனைவிக்குப் பித்தப்பை அறுவைச் சிகிச்சை நடந்தது. அக்கா லீவு போட்டுவிட்டு எங்கள் வீட்டில் பத்து நாள் வந்து இருந்தாள். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, சமையலறையில் கேரட் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, ரெண்டு மூணு நாளா நான் இருமல. கவனிச்சியா?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. "ஆமால்ல. ஏதாவது ஊசி போட்டியா?"

"ஒண்ணும் போடல. அங்க போனா வருது, இங்க வந்தா நிக்குது. போன மாசம் ரெண்டு நாள் பயிற்சிக்குப் போனேனே, அப்பவும் இதே கதைதான்." கத்தியை நிறுத்தாமல் சொன்னாள். "அந்தத் தூளுதான்டா. தலகாணியத் தட்டினா லேசா செவப்பா வருது. எங்கேர்ந்து வருதுன்னுதான் தெரியல."

"மாமாகிட்ட சொல்லிடு. இன்னைக்கே சொல்லு. நான் சொல்லட்டுமா?"

கத்தியை வைத்துவிட்டாள்.

"நீ வாயத் தொறக்கக் கூடாது. பதினாலு மாசம் ஒரு சுவரோட குடும்பம் நடத்தினவ நான். உனக்கு என்ன தெரியும்? தெனமும் வீட்டுக் கதவத் தொறக்காம வாசல்லயே நிப்பேன்டா, உள்ள என்னத்தப் பாக்கப் போறோமோன்னு. இப்பதான் மனுஷனா இருக்காரு. இந்த ஒரு படகு முடியட்டும். தண்ணியில விட்டுப் பாக்கட்டும். முடிஞ்ச மறுநாள் நானே சொல்றேன்."

"அதுக்குள்ள உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"இருமலுக்கு யாரு செத்தா? கேரட்ட எடு."

நான் எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. அக்கா சத்தியம் வாங்கினாள், மிரட்டினாள் என்றெல்லாம் சொல்லி என்னால் தப்பிக்க முடியாது. அவள் சொன்னது எனக்கும் வசதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவோடு ஏரிக்கரையில் நிற்பது எனக்கும் பிடித்துப்போயிருந்தது. ஒரு படகுதானே, இன்னும் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் முடிந்துதான் இருக்கும். உடல் முழுதும் ஒட்டியாகிவிட்டது, மேல்தளம் மட்டும் பாக்கி. அக்கா பழைய மழைக்கோட்டுத் துணியில் பாய் வெட்டித் தைத்துக்கூட வைத்துவிட்டாள். அப்போது மாமா ஒருநாள் காலையில் படகைக் கவிழ்த்து முன்மூக்கிலிருந்து வால் வரை நூல் கட்டி ரசமட்டம் வைத்துப் பார்த்திருக்கிறார். பின்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் முறுக்கியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் சாயம் பூசி மறைத்திருப்பார்கள். தண்ணீரில் தெரியவே தெரியாது என்று பல் டாக்டரே சொன்னார். மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தனை பட்டையையும் பிய்த்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அக்கா கடைக்குப் போன் செய்தாள்.

"பிச்சுட்டாருடா உங்க மாமா. எல்லாத்தையும் பிச்சுட்டாரு." சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அது நிற்கட்டும் என்று நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் நிற்கவில்லை.

"அக்கா, இப்பவாவது சொல்லிடு."

"இப்பப் போய் எப்படிடா சொல்றது? மொகத்தப் பாத்தியா நீ? கொழந்த மாதிரி உக்காந்து திரும்பப் பட்டை சீவிட்டிருக்காரு."

பதினோராவது மாதம் அவளை மைக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அறிவிப்புக்கு நடுவில் இருமல் வந்து, நடைமேடை எண்ணைச் சொல்ல முடியாமல் போய், ஒரு கூட்டமே தவறான வண்டியில் ஏறிவிட்டது. மேலதிகாரி நல்ல மனிதர். விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்துகொள்ளச் சொன்னார். மைக்குக்கு அவளுடைய பழைய பதிவு ஒன்றையே போட்டார்கள். கவுண்டரில் அவள் கரகரத்த குரலில் வழி சொல்லிக்கொண்டிருப்பாளாம்; தலைக்கு மேல் ஒலிபெருக்கியில் அவளே கணீரென்று பேசிக்கொண்டிருப்பாளாம். வீட்டில், கால்வலி என்று தானே கேட்டு மாற்றிக்கொண்டதாகச் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம். இரண்டாவது உடல் முடியும் நிலையில் இருந்தது. அன்று அக்காவுக்கு வார விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாள். மாமா பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு மெஷினால் தேய்த்துக்கொண்டிருந்தார். தூள் வெளியே வரக்கூடாது என்றுதான் கதவைச் சாத்துவார். அக்காவுக்கு மூச்சு அடைத்திருக்கிறது. கூப்பிடக் குரல் எழும்பவில்லை. கட்டில் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தரையில் தட்டியிருக்கிறாள். மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. உப்புத்தாள் மாற்ற மெஷினை நிறுத்தியபோதுதான் கேட்டது. எவ்வளவு நேரம் தட்டினாள் என்று யாருக்கும் தெரியாது. டம்ளரின் விளிம்பு நசுங்கியிருந்தது. அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவளுக்கு மூச்சுக்குக் குழாய் வைத்துவிட்டிருந்தார்கள். நுரையீரல் டாக்டர் ஒரு பெண். மாமாவையும் என்னையும் உட்காரவைத்து நிதானமாகக் கேட்டார்.

"வீட்டுல பூனை, புறா ஏதாவது வளக்கறீங்களா?"

"இல்லைங்க."

"யாராவது மரவேலை செய்யறாங்களா?"

மாமா நிமிர்ந்தார். "நான்தான் செய்யறேன். ஆனா வேற ரூம்ல. கதவ சாத்திட்டுத்தான். காத்தாடி போட்டிருக்கேன், தூசியெல்லாம் வெளிய போயிடும்."

என்ன மரம் என்று கேட்டார் டாக்டர். மாமா சொன்னார். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

"சில மரத்தூள் சிலருக்கு ஆகாதுங்க. உங்களுக்கு ஒண்ணும் பண்ணாது, அவங்களுக்கு விஷம். ஆரம்பத்துலயே, ரெண்டு மூணு மாசத்துல நிறுத்தியிருந்தா பெரும்பாலும் சரியாயிருக்கும். இப்ப ரொம்ப தூரம் போயிடுச்சு." பிறகு, ஏதோ ஞாபகம் வந்தது போலக் கேட்டார். "காத்தாடி போட்டிருக்கேன்னீங்களே, அந்தக் காத்து எங்க போகுது?"

மாமா எழுந்து வெளியே நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வீட்டுக்குள் நுழையாமல் நேராக மேல்மாடிக்குப் போனார். லிஃப்ட் அதற்கு மேல் போகாது. மொட்டைமாடிக்குச் செங்குத்தான இரும்புப் படி. மடங்காத காலை இழுத்து இழுத்து, கைப்பிடியில் தொங்கி ஏறினார். நான் பிடிக்கப் போனபோது தட்டிவிட்டார். மொட்டைமாடியின் நடுவில் டக்ட்டின் வாய். அதை ஒரு தடித்த பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடி, சுற்றிலும் செங்கல் வைத்து இறுக்கியிருந்தார்கள்.

தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த காவலாளி அருகில் வந்தார். "புறாத் தொல்லைன்னு மூடினோம் சார். மூணு வருஷம் இருக்கும்."

மாமா குனிந்து செங்கல்லைத் தள்ளி ஒரு மூலையைத் தூக்கினார். தார்ப்பாயின் அடிப்பக்கத்தில் செம்பழுப்பு நிறத்தில் தூள் கம்பளி போலப் படிந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினார். உள்ளே எட்டிப் பார்த்தோம். கிணற்றின் நான்கு சுவரிலும் அதே நிறம். எங்களுக்கு நேர் கீழே அவருடைய காற்றாடி. அதற்கு எதிர்ச் சுவரில், நாலடி தள்ளி, படுக்கையறையின் காற்று ஜன்னல். அதன் கம்பிகளிலெல்லாம் சிவப்பு. அக்காவின் தலைமாடு அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான்.

அவர் டக்ட்டின் வாயைச் சுற்றியிருந்த கட்டைச் சுவர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"முப்பத்தொரு வருஷம் குழிக்குள்ளயே நின்னவன்டா நான்" என்றார். "மேல வாய் தொறந்திருக்கான்னு பாக்காம ஒரு லிஃப்ட ஓட விட்டதில்ல. ஒரு லிஃப்ட."

மறுநாளே பட்டறையைப் பிரித்தார். மேசையைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளினார். கருவிகளைப் பல் டாக்டர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டார். படகின் உடலை, தூள் பறக்காமல் இருக்க, நனைத்த போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைத்தொட்டியில் போட்டார். நான் தடுத்துப் பார்த்தேன். சுவர், கதவு, டக்ட் எல்லாவற்றையும் ஆள் வைத்துக் கழுவி வெள்ளை அடித்தார். அக்காவின் தலையணை, மெத்தை எல்லாம் புதிது. மூன்று வாரத்தில் அவள் வீடு திரும்பியபோது பின்னறையில் மகளின் பீரோ மட்டும் தனியாக நின்றது.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த அறை வாசலில் நின்றாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

"யாரக் கேட்டு எடுத்தீங்க?" என்றாள். குரல் என்று சொல்ல முடியாது, காற்று மட்டும்தான் வந்தது.

"இனிமே எதுக்கு அது?" என்றார் மாமா.

"வேற எடம் பாத்திருக்கலாம்ல? பல் டாக்டர் வீட்டுல ஷெட்டு இருக்குன்னு சொன்னாரே. அங்க போய்ச் செஞ்சிருக்கலாம்ல?" அவளுக்கு மூச்சு வாங்கியது.  "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டா நான் இருமினதுக்கு என்ன அர்த்தம்? இத்தன மாசம் வாய மூடிட்டு எதுக்கு இருமினேன்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும்.

"உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும் மாமா."

"எப்பலேர்ந்து?"

"இவ எங்க வீட்டுக்கு வந்து இருந்தாளே, ஆபரேஷன் சமயம்... அப்பலேர்ந்து."

அவர் விரல் விட்டு எண்ணுவதை நான் பார்த்தேன். உதடு அசையாமல், கட்டைவிரல் மட்டும் ஒவ்வொரு விரலாக நகர்ந்தது. எட்டு மாதம். டாக்டர் சொன்ன கணக்கு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எண்ணி முடித்துவிட்டு வெற்று அறைக்குள் போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அக்கா இரண்டு வருடமும் கொஞ்சமும் இருந்தாள். மாமா அவளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். மருந்து ஒரு வேளைகூடத் தவறியதில்லை. ஆக்சிஜன் எந்திரத்தின் குழாய் எங்கும் மடங்காமல், காலில் தடுக்காமல் சுவரோரம் கொக்கி அடித்து வீடு முழுக்கக் கொண்டுபோயிருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிடுவார். ஆனால் பேச்சு பழையபடி போய்விட்டது. 'சாப்பிடு', 'மாத்திரை', 'குளிருதா', இவ்வளவுதான்.

அக்கா விடவில்லை. பல் டாக்டரை வரவழைத்தாள். அவருடைய ஷெட்டுச் சாவியை வாங்கி மாமாவின் சட்டைப்பையில் போட்டாள். சட்டையைத் துவைக்கும் நாளில் சாவி மேசை மேல் வந்துவிடும். மறுபடி போடுவாள், மறுபடி வரும்.

"நான் ரெண்டு தடவ தோத்துட்டேன்டா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். மாமா மருந்து வாங்கப் போயிருந்தார். "மூச்சும் போச்சு. இவரும் போயிட்டாரு. எதக் குடுத்து எத வாங்கினேன்னே தெரியல."

நான் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.  நான் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாதவன்.

ஒரு மழைக்கால ஆரம்பத்தில் சளி பிடித்தது. ஐந்தாவது நாள் காலை பத்து மணிக்குப் போய்விட்டாள். மகள் வந்து சேர்வதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. மாமா அழவில்லை. எந்திரத்தை நிறுத்தினார். அது நின்றதும் வீட்டில் விழுந்த அமைதியை யாராலும் தாங்க முடியவில்லை.

மகள் தன்னோடு வரச் சொன்னாள். மாட்டேன் என்றுவிட்டார். அந்த வீட்டில் தனியாக விட எங்களுக்குப் பயம். கடைசியில் என் மனைவி போய், "அண்ணா, எங்க வீட்டு முன்ரூம் காலியா கெடக்கு, கெளம்புங்க" என்று பெட்டியைத் தானே கட்டினாள். வந்தார். இப்போது நாலு வருடமாக எங்களோடுதான் இருக்கிறார். என்னைப் பார்த்தால் தலையாட்டுவார். கடையில் கூட்டமாக இருந்தால் வந்து உட்கார்ந்து கண்ணாடிச் சட்டங்களுக்குத் திருகாணி போட்டுத் தருவார். பேச்சு மட்டும் என் மனைவியோடுதான்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"மாமா, நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். என்னைத் திட்டியாவது தொலைங்க. இப்படி இருக்காதீங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். பதில் வராது என்று நான் எழுந்துவிட்டேன்.

"உக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

"நீ சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு இத்தன வருஷமா யோசிச்சுப் பாத்துட்டேன்." ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "கதவுக்கு அடியில துணி செருகியிருப்பேன். காத்தாடிய இன்னும் பெருசா மாத்தியிருப்பேன். பெருசா மாத்தினா என்ன ஆயிருக்கும்னு உனக்கே தெரியும். பட்டறைய மூடியிருக்க மாட்டேன்டா. அப்ப எனக்கு அது அவ்வளவு வேணும்."

"அப்படிச் சொல்லாதீங்க மாமா."

"அது அவளுக்கும் தெரியும். அதான் அவ சொல்லல."

என்னைத் தேற்றச் சொன்னாரா, தன்னைக் குத்திக்கொள்ளச் சொன்னாரா, இரண்டும் இல்லாமல் அளந்து பார்த்த ஒன்றை அப்படியே சொன்னாரா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சொன்னது உண்மையாக இருந்தால் அதைவிடக் கொடுமை எதுவுமில்லை என்று மட்டும் தோன்றியது. எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியது போல இருந்தது. அப்படி இறங்கியதே எனக்கு வெட்கமாக இருந்தது.

என் மனைவி கடையிலிருந்து ரொட்டி வாங்கி வந்தாள். மூவரும் சாப்பிட்டோம். அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவிவிட்டு முன்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.